வன்னி நிலத்துக்கு அடியிலும் எரிவாயு இருக்குமா?

குளக்கட்டு:
2011இல் மன்னார்க் கடலில் டொராடோ, பரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டார்கள். டொராடோவில் அது மணற்கல்லுக்குள் இருந்தது. புத்தளம் பக்கம் தப்போவவிலும் மணற்கல், களிப்பாறை இருக்கின்றன. சுற்றிவர இருக்கும்போது வன்னியில் மட்டும் ஏன் இல்லாமல் போகும்? வவுனியாவில் ஒரு துளை போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் வேலைவாய்ப்பு இது.

கல்லுப்பிட்டி:
தம்பி, வவுனியாவில் குழாய்க்கிணறு அடிப்பவர்களைக் கேளுங்கள். கொஞ்சம் மண், உக்கின கல், அப்புறம் கருங்கல்தான். தண்ணீரே வெடிப்புகளுக்குள்தான் கிடைக்கிறது. நிலவியலில் இதற்கு வன்னித் தொகுதி என்று பெயர். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் 700 பாகைக்கு மேல் வெந்து உருமாறிய பாறை. எண்ணெய் விளைவதற்கு 60 முதல் 150 பாகை வரைதான் ஏற்ற சூடு.

தப்போவப் படிவு அதற்கு வெகு காலம் பிந்தியது. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தில், தென் கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்டுவானாப் பெருநிலம் உடையத் தொடங்கியபோது, இந்தக் கருங்கல் தரை பிளந்து சில இடங்களில் தாழ்ந்தது. அந்தப் பள்ளங்களில் மணலும் களியும் நிரம்பின. அன்றைய செடிகளின் இலைத்தடங்களை இன்றும் அங்கே காணலாம். பள்ளத்துக்குள் இறங்கியதால்தான் அரிப்புக்குத் தப்பியது. அது ஒரு சிறு துண்டு, வன்னி முழுக்க விரித்த பாய் அல்ல.

குளக்கட்டு:
வவுனியா இருக்கட்டும் அண்ணை. மன்னார்க் கரையும் வன்னிதானே? அங்கே ஜுராசிக்குக்கு வெகு காலம் பிந்திய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே மணற்கல். அது படிந்து இறுகிய அடையற்பாறை. கருங்கல் கதை அங்கே செல்லாது.

பேசாலையான்:
மன்னாரில் எங்கள் ஊரான பேசாலையில் 1970களில் சோவியத் உதவியோடு துளைத்தே பார்த்தார்கள். வணிக அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மணற்கல் மட்டும் போதாது. கரிமம் நிறைந்த களிப்பாறை ஆழத்தில் அளவான சூட்டில் வேக வேண்டும். வந்த வாயு தப்பாமல் மேலே இன்னொரு களிப்பாறை மூட வேண்டும். டொராடோவில் கடலே 1,300 மீற்றருக்கு மேல் ஆழம், வாயு இருந்தது 3,000 மீற்றருக்கும் கீழே. படிவு கடலுக்குள் போகப் போகத் தடிக்கிறது, கரைப்பக்கம் மெலிகிறது.

கல்லுப்பிட்டி:
அதுதான். கரையோர மணற்கல்லில் தேட வேண்டியது தண்ணீர். கோடையில் அதற்குத்தான் தவிக்கிறோம்.

குளக்கட்டு:
தண்ணீரையும் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசாலையில் கிடைக்காதது பேசாலைக்கு மட்டுமான பதில். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரிலிருந்து சிலாவத்துறை வரை இன்றைய கருவிகளால், நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பிப் பாறை அடுக்குகளை அறியும் நில அதிர்வு அளவீடு செய்து, முடிவை மக்களுக்குத் தமிழில் தரட்டும். அதற்கு முன் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.