மீட்டரில் 17.4, குவாண்டத்துக்கு 6,000 கோடி: ஆராய்ச்சியெல்லாம் யாருக்குங்க?

வெண்ணாற்றுக்காரன்:
குறுவை நெல்லை அறுத்து அரசு கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டி வச்சிருக்கேன். ஐப்பசி மழை படுதாவைக் கிழிக்குது. இன்னைக்கு ஈரம் பார்க்கிற மீட்டர்ல 17.4 சதவீதம் காட்டுச்சு. 17 தாண்டினா எடுக்க மாட்டோம், காயவச்சுக் கொண்டாங்கன்னுட்டாங்க. எங்க காயவைக்க, வீட்டுக் கூடத்திலயா? 2023ல தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சுன்னு மகன் படிச்சுக் காட்டுறான். அதுல கால்வாசிய உலர்த்தும் இயந்திரமா டெல்டாவுல இறக்கியிருக்கலாம்ல? படிச்சவங்க பதில் சொல்லுங்க.

குடந்தை இயற்பியல்:
அண்ணே, உங்க கோபம் நியாயம்தான், ஆனா ஆளை மாத்திப் புடிச்சிட்டீங்க. அந்த மீட்டர் ஈரத்தை நேரா அளக்கிறதில்லை. நெல்லை உலோகத் தகடுகளுக்கு நடுவுல வச்சு அதோட மின்தேக்குத்திறனை, அதாவது மின்னூட்டத்தை எவ்வளவு தேக்கி வைக்குதுன்னு அளக்குது. அந்தத் தேக்கத்தை ஒரு பொருள் எத்தனை மடங்கு கூட்டுங்கிற எண்ணுக்கு ஒப்புமை விடுதிறன்னு பேரு. தண்ணிக்கு அது கிட்டத்தட்ட 80, காஞ்ச தானியத்துக்கு ஒற்றை இலக்கம். அதனால கொஞ்சம் ஈரம் கூடினாலும் முள் நகரும். தண்ணி மூலக்கூறு ஏன் வளைஞ்சு நிக்குது, ஏன் ஒரு பக்கம் மின்னூட்டம் சாயுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினது குவாண்டம் இயற்பியல்தான். அகச்சிவப்பு ஒளியில ஈரம் பார்க்கிற கருவி 1,450, 1,940 நானோமீட்டர்ல எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுதுன்னு பார்க்குது. அதுவும் அதே பாடம். இதைக் கண்டுபிடிச்சவங்க யாரும் நெல்லை நினைச்சு உட்காரலை. அப்ப அந்த ஆராய்ச்சிக் காசை வெட்டியிருந்தா இன்னைக்கு உங்க கையில எந்தக் கருவியும் இருந்திருக்காது.

வெண்ணாற்றுக்காரன்:
இருந்திருக்காதுன்னா நிம்மதியா போயிருக்கும் தம்பி. எங்க அப்பா காலத்துல ஒரு மணியைக் கடிச்சுப் பார்த்து எடுத்துக்கிட்டாங்க.

பழைய பட்டியல் எழுத்தர்:
கடிச்சுப் பார்த்து எடுத்த காலத்துல வேண்டியவனுக்கு ஒரு கடி, வேண்டாதவனுக்கு ஒரு கடி. அதையும் சொல்லுங்க. நான் ரெண்டு பருவம் நிலையத்துல பட்டியல் எழுதினவன். 17ங்கிறது நாங்க வச்ச கோடு இல்லை, மத்திய அரசோட தர அளவு. ஈர நெல்லு கிடங்கு மூட்டை அடுக்கில ஏறினா மூச்சு விட்டுச் சூடாகும், பூஞ்சை புடிக்கும், அரிசி பழுப்பாகும். கிடங்குல எடை குறைஞ்சா கேள்வி வர்றது எங்களுக்கு. எங்க பக்கம் பேச இங்க ஒரு ஆள் இல்லை. விவசாயி பாவம்னு எழுதுறது எல்லாருக்கும் சுலபமா இருக்கு.

இன்னொண்ணு. 17.4 வந்தா "இன்னொரு தடவை பாருங்க"ம்பாங்க. 17.2 வரும். "இன்னொரு தடவை". 16.9 வந்ததும் "பார்த்தீங்களா"ம்பாங்க!

திருவையாறு கணக்கு:
எழுத்தர் சொன்ன இடம்தான் முக்கியம். மீட்டருக்குத் தற்செயல் பிழை, அதாவது ஒரே நெல்லுக்குத் தடவைக்குத் தடவை முன்னப்பின்னக் காட்டுறது, அரை சதவீதம்னு வச்சுக்குவோம். இது உதாரணத்துக்கு எடுத்த எண், எந்தக் கருவியோட அளவும் இல்லை. உண்மையில 16.7 இருக்கிற நல்ல குவியல், ஒரே ஒரு தடவை அளந்தா நாலுல ஒரு முறை 17ஐத் தாண்டிக் காட்டும். அந்த விவசாயி திரும்பிப் போவார். உண்மையில 17.5 இருக்கிற குவியல் ஆறுல ஒரு முறை தேறிடும். மூணு வாய்ப்பு கொடுத்து எது தேறினாலும் சரின்னா அது நாற்பது சதவீதத்துக்கு மேல போயிடும். ஆக, அதட்டிக் கேட்கத் தெரிஞ்சவர் நெல்லு ஏறும், வாய் செத்தவர் நெல்லு நனையும்.

குவியலோட அஞ்சு இடத்துல எடுத்துச் சராசரி போட்டா, 16.7 நெல்லு தப்பாத் திரும்புறது பத்துல ஒண்ணாக் குறையும். செலவு ரெண்டு நிமிஷம். அறுவடை மெஷின் நெல்லுல இது இன்னும் அவசியம். ஒரே கதிர்ல நுனி மணி முத்திடும், அடி மணி பச்சையா இருக்கும், எல்லாம் கலந்துதான் கொட்டும்.

இங்க துறைச் சண்டை வேற ஓடுது. 1931ல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கின மகலனோபிஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில இயற்பியல் வாத்தியார். வங்காளத்துச் சணல் வயல்களை மாதிரி எடுத்து அளந்தவரும் அவரே. இயற்பியல் வேண்டாம், வேளாண்மை போதும்னு அவர்கிட்ட யாராவது சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

பழைய பட்டியல் எழுத்தர்:
சராசரி எல்லாம் சரி சார். மீட்டரே ஒரு பக்கமாச் சாஞ்சிருந்தா? முக்கால் பாயின்ட் கூடக் காட்டுற மெஷினை அஞ்சு தடவை வச்சாலும் அஞ்சு தடவையும் கூடத்தான் காட்டும். காலையில பனி ஈரம் மணி மேல நிக்கும்போது ஒண்ணு, மத்தியானம் வெயில்ல ஒண்ணு. ரகத்துக்கு ரகம் வேற.

திருவையாறு கணக்கு:
முழுக்கச் சரி. அது சராசரியால தீராது, அளவு சரிபார்ப்பால தீரும். அரைச்ச மாவை 130 டிகிரி அடுப்புல உலர்த்தி எடைக் குறைவைப் பார்க்கிறது பழைய முறை. பருவம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மீட்டரையும் அதோட ஒப்பிடணும், ரகவாரியா.

கொள்ளிடம் மெக்கானிக்கல்:
எல்லாரும் அளக்கிறதையே பேசுறீங்க, காயவைக்கிறதை யாரும் பேசலை. 22 சதவீத நெல்லு ஒரு டன்னை 17க்குக் கொண்டுவர 60 கிலோ தண்ணியை எடுக்கணும். பாதி வெப்பம் வீணாப் போனாலும் 22, 23 கிலோ உமி எரிச்சாப் போதும். ஒரு டன் நெல்லு அரைச்சா ஏறக்குறைய 200 கிலோ உமி வரும். எரிபொருள் நெல்லுக்குள்ளேயே இருக்கு! கோளாறு வடிவமைப்புல. உமி ஆலையில கிடக்கு, ஈர நெல்லு நிலையத்துல கிடக்கு. பெரிய உலர்த்தி ஒரு இடத்துல நிக்கும். குறுவை அறுப்பு எல்லா ஊர்லயும் ஒரே வாரத்துல வந்து விழும். அவசரப்பட்டுச் சூட்டை ஏத்தினா அரிசி வெடிச்சுக் குருணை ஆகும், அதுக்கும் ஆலைக்காரர் திட்டுவார். வருஷத்துல ஆறு வாரம் ஓடுற மெஷினுக்கு யார் முதல் போடுவாங்கங்கிறதுதான் கேள்வி, இயற்பியல் இல்லை.

மன்னை வாத்தியார்:
ஈர நெல்லு புதுசா வந்த தலைவலி மாதிரிப் பேசாதீங்க. அறுபதுகள்ல ஆடுதுறை 27 நெல் ரகம் வந்து குறுவை பரவினப்பவே அறுப்பு மழையில மாட்டுறதும் கூடவே வந்துச்சு. இன்னைக்குத் தஞ்சாவூர்ல தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமா நிக்கிறது, 1967ல திருவாரூர் அரிசி ஆலைக்குள்ள சின்ன ஆய்வகமா ஆரம்பிச்சது. ஆராய்ச்சி அரை நூற்றாண்டுக்கு மேல கிடக்கு. பழையபடி நிக்கிறது கொள்கைதான். ஒவ்வொரு வருஷமும் மாநிலம் கடிதம் எழுதணும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கணும், ஆய்வகம் சொல்லணும், அப்புறம் தளர்வு. 2022 அக்டோபர்ல 19 வரைக்கும் விட்டாங்க. கடிதம் போய் வர்றதுக்குள்ள நெல்லு முளைச்சிடும்.

17.4க்குக் கணக்குப் பாருங்க. 40 கிலோ சிப்பத்துல அதிகப்படி தண்ணி 200 கிராம்கூட வராது. அதை எடையில கழிச்சுட்டு எடுத்துக்க என்ன தடை? 20 சதவீதம்னா சிப்பத்துக்கு ஒண்ணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஏத்துக்கறதா, திருப்பி அனுப்பறதான்னு ஒரே வெட்டா வெட்டுறதுக்குப் பதிலா, ஈரத்துக்கு ஏத்தாப்புல கழிங்க.

பழைய பட்டியல் எழுத்தர்:
கழிவு வச்சீங்கன்னா ஒவ்வொரு சிப்பத்துக்கும் பேரம். இப்ப வாசல்ல ஒரு சண்டை, அப்ப தராசுல நாற்பது சண்டை. ஒண்ணரைக் கிலோவை ரெண்டாக்குறவன் எங்க ஆளுலயும் இருப்பான், மறைக்க மாட்டேன். அதோட எல்லாரும் 22லயே கொண்டாந்து கொட்டுவாங்க. எடையைக் கழிச்சா அடுக்குல ஏறுற சூடு கழியாது.

வெண்ணாற்றுக்காரன்:
எழுத்தரே, நீங்க சொல்ற சூடு என் குவியல்லயும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, வாசல்ல. கையை உள்ள விட்டா வெதுவெதுன்னு இருக்கு. உள்ள ஏத்தினா அரசாங்கத்துக்கு நட்டம், வெளிய கிடந்தா எனக்கு நட்டம், அம்புட்டுத்தான். கழிச்சுட்டாவது எடுங்கங்கிறேன். குத்தகை நெல்லு இது, அளந்து கொடுக்க வேண்டியவங்க காத்திருக்காங்க.

குடந்தை இயற்பியல்:
அண்ணே, நாளைக்கு அளக்கும்போது மாதிரி எடுக்கிற குத்தூசியை மேல்பக்கமா மட்டும் விட விடாதீங்க. அடியிலயும் நடுவிலயும் எடுத்துக் கலந்து பார்க்கச் சொல்லுங்க. வெயில் வந்தா பதினொண்ணு மணிக்கு மேல.

மன்னை வாத்தியார்:
எழுத்தரே, பேரத்துக்குப் பயந்தா அளவுப் பட்டியலை வாசல்ல எழுதி ஒட்டுங்க. 18க்கு இவ்வளவு கிராம், 19க்கு இவ்வளவு. மீட்டர் திரை விவசாயி பக்கம் திரும்பி இருக்கட்டும்.

பழைய பட்டியல் எழுத்தர்:
ஒட்டலாம். அந்த மீட்டரை அடுப்புச் சோதனையோட ஒப்பிட்டுக் கொடுக்கிற செலவை மாநிலம் கட்டுமா, மத்திய அரசா? அதை முதல்ல எழுத்துல வாங்கிக் கொடுங்க. ஒட்டுற பசை என் செலவு.