இலங்கைக்கு அரிசி அனுப்பும் கதவு ஏன் திறந்து திறந்து மூடுகிறது?

புதுவயல்காரன்:
எங்களுக்குப் புதுவயலில் சின்ன அரிசி ஆலை. 2024 டிசம்பரில் இலங்கை இறக்குமதிக்கு அனுமதி கொடுத்ததும் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஏஜென்ட் போன் மேல் போன். நெல் பிடித்து, அரைத்து, சாக்கு தைத்துக்கொண்டிருக்கும்போதே ஜனவரி 10-ஓடு சரி என்று முடித்துவிட்டார்கள். அங்கே தட்டுப்பாடு, இங்கே குடோனில் இடமில்லை. நடுவில் என்னதான் சிக்கல்?

தேவகோட்டை ராஜா:
சிக்கல் அறுவடைதான் தம்பி. அங்கே பெரும்போக நெல் பிப்ரவரி, மார்ச்சில் சந்தைக்கு வரும், அந்த நேரத்தில் நம்ம அரிசி குவிந்தால் பொலன்னறுவை நெல் விவசாயி தலையில் துண்டுதான். அதனால்தான் கிலோவுக்கு அவங்க காசில் 65 ரூபாய் வரியும் போட்டார்கள். விளைச்சல் படுத்தால்தான் கதவைத் திறப்பார்கள். 2021-இல் அங்கே அரசு இரசாயன உரத்தை ஒரே அடியாய் நிறுத்தி, நவம்பரில் பின்வாங்குவதற்குள் அடுத்த போகம் படுத்துவிட்டது. அப்போது நம்ம அரிசியை வாங்கித்தான் சமாளித்தார்கள்.

மில்_கணக்கு:
அவங்களை மட்டும் சொல்லாதீங்க. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதிக்கு நாமே தடை போட்டோம், ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. அதற்கப்புறம் நேபாளத்துக்கு 95,000 டன், பூடானுக்கு 79,000 டன் என்று தனி அனுமதி, அதுவும் அரசு கேட்டு அரசு கொடுப்பது. நம்ம மாதிரி சில்லறை மில்லுக்கு அதில் என்ன வேலை? இங்கே ரேஷனும் கடை விலையும் முக்கியம் என்பது நியாயம்தான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக உத்தரவு வந்தால் வாங்குகிற நாடு அடுத்த தடவை தாய்லாந்து, வியட்நாம் என்று போய்விடும். தடையை எடுத்தது 2024 செப்டம்பரில், புழுங்கல் வரி போனது அக்டோபரில்.

கானாடுகாத்தான்:
எங்கள் ஐயா கொண்டுவிற்கப் போன பர்மாவிலும் இதே கூத்து. 1962-க்கு அப்புறம் அரசே அடிமாட்டு விலைக்கு நெல்லை எடுத்தது, சம்சாரி விளைச்சலைக் குறைத்தான், ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாட்டின் ஏற்றுமதி சரிந்துபோனது.

தேவகோட்டை ராஜா:
புதுவயல் தம்பி, அடுத்த தடவை ஏஜென்ட் கூப்பிட்டால் முதலில் அட்வான்ஸ், அப்புறம் கெஜட்டில் கடைசித் தேதி. அது கப்பலேற்றும் தேதியா, கொழும்பில் சரக்கு இறங்கும் தேதியா என்று பார்த்துவிட்டுச் சாக்கைத் தையுங்கள்.