மோகனாம்பாள் படத்தில் பாதம் தெரியுதா இல்லையா?

ஞாயிறுரசிகன்: லீவுல பார்த்த பழைய படங்கள் பத்தி என் கருத்து. ராஜராஜ சோழன், செட் பிரமாண்டம், கதை இழுவை. தில்லானா மோகனாம்பாள் அருமை, ஆனா திரையில ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. டிவியில ஜூம் போட்டேன், ஃபுல்லா வந்துடுச்சு. படத்துல ஒண்ணும் குறையல.

ரீல்பெட்டி: ஒண்ணும் குறையலையா? 1968 படம் அது, ஃப்ரேம் ஏறக்குறைய 4:3, அதாவது அகலம் 4 பங்குன்னா உயரம் 3 பங்கு. உங்க டிவி 16:9, அதைவிட அகலம். ஜூம் போட்டா உயரத்துல கால்வாசி போச்சு. 43 இன்ச் டிவின்னா மேல 9 செ.மீ., கீழ 9 செ.மீ. வெட்டு. முழு உருவ ஷாட்ல அந்தக் கீழ் 9 செ.மீ.தான் பத்மினியோட பாதம்.

ஞாயிறுரசிகன்: முகபாவம் தெரியுது, கதை புரியுது. பாதம் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?

சலங்கைஒலி: பரதம்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? தட்டடவுல, அதாவது பாதத்தால தரையைத் தட்டுற அடிப்படை அசைவுல, பாதம் முழுசா தரையில விழணும். அரைமண்டி (முழங்கால் மடிச்சு பாதி உட்கார்ந்த நிலை) சரியா இருக்கான்னு முழங்காலையும் பாதத்தையும் வெச்சுத்தான் சொல்ல முடியும். நாட்டியத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் போட்டிங்கிற கதையில பாதத்தை வெட்டிட்டு யார் ஜெயிச்சாங்கன்னு எப்படிப் பார்ப்பீங்க?

தெற்குவீதி: நாதஸ்வரம் இல்லை, நாகஸ்வரம். பழைய பேர் அதுதான்.

சலங்கைஒலி: படத்துலயே நாதஸ்வரம்னுதான் சொல்றாங்க. போன மாசம் தவில் பத்திப் பேசினப்பவும் இதே மாதிரி நடுவுல வந்து திருத்தினீங்க.

தெற்குவீதி: அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி.

ரீல்பெட்டி: பேர் சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க. ரிமோட்ல பிக்சர் சைஸ் போங்க. 'ஜூம்' வேண்டாம், 4:3 இல்லேன்னா ஒரிஜினல் வைங்க. 43 இன்ச்ல பக்கத்துக்கு 12 செ.மீ. கறுப்பா இருக்கும், இருக்கட்டும். 'வைட்' போட்டீங்கன்னா வெட்டாது, ஆனா எல்லாரும் அகலத்துல மூணுல ஒரு பங்கு ஊதிப்போவாங்க. சந்தேகமா இருந்தா தவிலோட வாய் நேரா தெரியுற ஷாட்ல நிறுத்திப் பாருங்க. வட்டமா இருந்தா சரி, முட்டை மாதிரி படுத்திருந்தா தப்பு. சில சேனல்காரங்க வெட்டியே அனுப்புறாங்க, அதுக்கு உங்க ரிமோட்ல வழி கிடையாது. அப்ப வேற பிரிண்ட்தான் தேடணும்.

ஞாயிறுரசிகன்: ராஜராஜ சோழன்ல பட்டை மேலயும் கீழயும் வருதே? அப்ப டைரக்டர் தப்பா எடுத்தாரா?

ரீல்பெட்டி: ரெண்டு படமும் ஏ.பி. நாகராஜன்தான். 1973ல வந்த ராஜராஜ சோழன் தமிழோட முதல் சினிமாஸ்கோப். லென்ஸ் அகலத்தைப் பாதியா நெருக்கி ஃபிலிம்ல பதியும், தியேட்டர் லென்ஸ் அதை விரிக்கும். படம் உங்க டிவியை விட அகலம், அதான் மேலயும் கீழயும் பட்டை. அதுல ஜூம் போட்டா பக்கவாட்டுல கால்வாசி போகும். ஓரத்துல நிக்கிற மந்திரி பேசுவார், ஆள் தெரியமாட்டார்.

கொட்டகைகுமார்: முதல் ஸ்கோப் மாவீரன் இல்லையா?

ரீல்பெட்டி: அது 70 எம்.எம்., 1986. ஸ்கோப் (லென்ஸ் முறை) வேற, 70 எம்.எம். (ஃபிலிமோட அகலம்) வேற. இதை எத்தனை தடவை எழுதுறது?

கொட்டகைகுமார்: கேட்டதுக்கு இவ்வளவு கோவமா?

ஞாயிறுரசிகன்: நான் இன்னும் ஜூம்லதான் பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கு.

சலங்கைஒலி: பாதம் தெரியுதா?

ஞாயிறுரசிகன்: முகம் தெரியுது.

ரீல்பெட்டி: கேட்டது பாதம்.

தெற்குவீதி: நாகஸ்வரம்.