மருத்துவர் ஆய்வு செய்ய உதவித்தொகை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் சிறப்பு மருத்துவப் பயிற்சியில் இருக்கிறாள்.

இங்கே 2011 முதல் இந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் நிபுணராகப் பதிவு செய்ய ஓர் ஆய்வும் முடித்தாக வேண்டும். இரவுப் பணி முடிந்து தூக்கத்தைத் திருடித்தான் அதைச் செய்கிறார்கள். இவளுக்கு அது போதவில்லை. நீரிழிவு உள்ளவர்களைக் காசநோய் ஏன் எளிதில் பிடிக்கிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய வேண்டுமாம். நீரிழிவு அந்த ஆபத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. நம்மவர்களில் சர்க்கரை எட்டிப் பார்க்காத வீடு எது, சொல்லுங்கள்!

சிக்கல் கல்விக் கட்டணம் அல்ல, சம்பளம். ஆய்வுக்காக விடுப்பு எடுத்தால் சம்பளம் நிற்கும். வீட்டுக் கடன் நிற்காது. அமெரிக்காவில் மருத்துவத்தையும் ஆய்வையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு 1964 முதலே அரசுப் பணம் கிடைக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தும் தேசிய சுகாதார அறிஞர் திட்டம் இருக்கிறது. அதில் பணம் பெற்றவர்கள் குழுவில் உண்டா? சம்பளத்துக்கு ஈடாக எவ்வளவு கிடைத்தது? பாதி நாள் வார்டு, பாதி நாள் ஆய்வகம் என்று மருத்துவமனையை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

கோயிலில் பிரியாணி விற்றுப் பணம் திரட்டலாம் என்று ஓர் அண்ணன் சொன்னார். நல்ல மனம்தான். ஆனால் மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு எத்தனை அண்டா வைப்பது?

விண்ணப்ப வரைவு தயாராக இருக்கிறது. ஆய்வு எழுதிப் பழகிய யாராவது படித்துத் திருத்தித் தந்தால் பேருதவி. தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.