[கலைச்சொல்] அறக்கட்டளை அல்லாத டிரஸ்ட்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பொருநை, செவ்வாய் காலை 9.10

வணக்கம். இளங்கலை வரலாற்றுப் பாடத்தில் 1880–1920 அமெரிக்கா பற்றிய அலகு வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல் எல்லாப் பக்கத்தையும் கெடுத்து வைத்திருக்கிறது. 'டிரஸ்ட்' (போட்டிக் கம்பெனிகளை ஒரே பிடியில் கொண்டுவந்த வணிக அமைப்பு) வரும் இடமெல்லாம் முதல் வரைவில் 'அறக்கட்டளை' என்று விழுந்திருக்கிறது. 'ஷெர்மன் அறக்கட்டளை எதிர்ப்புச் சட்டம், 1890'; 'சர்க்கரை அறக்கட்டளையின் அட்டூழியங்கள்'; 'அறக்கட்டளைகளை உடைத்த தியோடர் ரூஸ்வெல்ட்'. படிக்கிற பிள்ளை, ரூஸ்வெல்ட் ஊர் ஊராகப் போய் அன்னசத்திரங்களை இடித்தார் என்று தேர்வில் எழுதி வைக்கும்.

டிரஸ்டி 'அறங்காவலர்' ஆகியிருக்கிறார். ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியின் ஒன்பது அறங்காவலர்களில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஒருவர் என்று படித்தால் கோயில் கொடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இதே அலகில், 1913இல் நியூயார்க் மாநிலத்தில் பதிவான ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் வருகிறது. அது நிஜமான அறக்கட்டளை. இரண்டும் ஒரே சொல்லில் நிற்க முடியாது.

இப்போதைக்கு 'வணிகக் கூட்டு' என்று போட்டிருக்கிறேன். ஆன்டி-டிரஸ்ட், ஹோல்டிங் கம்பெனி (மற்றக் கம்பெனிகளின் பங்குகளை வைத்து ஆளும் கம்பெனி), மக்ரேக்கர் (முறைகேடுகளைத் தோண்டி எழுதிய பத்திரிகையாளர்) மூன்றுக்கும்கூடச் சொல் வேண்டும்.

சொல்லேர், செவ்வாய் காலை 10.02

அம்மா, தமிழில் இல்லாத சொல்லா? நம்பி ஒப்படைப்பதற்கு 'தேறுதல்' என்ற வினை வள்ளுவத்திலேயே கிடக்கிறது: 'தேறற்க யாரையும் தேராது'. தேறு > தேற்று > தேற்றம். ஆங்கிலச் சொல்லே இந்த வேரிலிருந்து போனதுதான் என்பது என் நெடுநாள் கருத்து. 'வணிகத் தேற்றம்' என்று வையுங்கள்.

குறுக்கே, செவ்வாய் காலை 10.09

தேற்றத்தைப் பித்தகோரசுக்குப் பட்டா போட்டுக் கொடுத்து எத்தனையோ காலமாகிறது. 'தேற்ற எதிர்ப்புச் சட்டம்' என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருமனதாக ஆதரிப்பார்கள்.

வேர் விஷயம்: அது பழைய நார்ஸ் மொழியின் 'டிரௌஸ்ட்'. உறுதி, நம்பிக்கை என்று பொருள். 'ட்ரூ'வும் அதே குடும்பம். அய்யா விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரியும், பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பேரேடு, செவ்வாய் காலை 11.40

சொல் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். அலகில் நான்கு வேறு அமைப்புகள் வருகின்றன. நான்கையும் 'கூட்டு' என்றால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது.

முதலாவது, போட்டியாளர்கள் கூடி உற்பத்தி அளவையும் விலையையும் பங்கு பிரித்துக்கொள்ளும் வெறும் உடன்பாடு. ஆங்கிலத்தில் குளத்துக்கும் இதே சொல்தான். (அதைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்க்க வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை, வகுப்பு அடங்காது.) 1870களிலும் 80களிலும் ரயில் கம்பெனிகள் இதை ஓயாமல் முயன்றன, ஓயாமல் உடைந்தது. உடன்பாட்டை மீறியவன்மேல் வழக்குப் போட முடியாது. இத்தகைய ஒப்பந்தத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடும். ஆகவே சரக்குக் குறைந்த மாதத்தில் யாராவது ஒருவர் கமுக்கமாகக் கட்டணத்தைக் குறைப்பார். மறுநாளே எல்லாரும் குறைப்பார்கள்.

இரண்டாவதுதான் அசல் டிரஸ்ட். 1882 ஜனவரி 2ஆம் தேதிப் பத்திரம். சாமுவேல் டாட் என்ற வழக்குரைஞரின் மூளை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்கை வைத்திருக்க அன்று பொதுவாகச் சட்டம் இடம் தரவில்லை. மனிதர்கள் வைத்திருக்கலாம். எனவே நாற்பது கம்பெனிகளின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை ஒன்பது பேரிடம் ஒப்படைத்துவிட்டு, பதிலுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். ஒரு சான்றிதழ் 100 டாலர், மொத்தம் 7 லட்சம் சான்றிதழ், ஆக 7 கோடி டாலர். ஈவுத்தொகை பங்குதாரருக்கு, வாக்கு ஒன்பது பேருக்கு. எந்தச் சுத்திகரிப்பு ஆலை ஓடலாம், எதை மூடலாம் என்பதை ஒரே மேசை தீர்மானித்தது. 1887இல் சர்க்கரையும் விஸ்கியும் இதைப் பார்த்து எழுதிக்கொண்டன.

மூன்றாவது ஹோல்டிங் கம்பெனி. 1889இல் நியூஜெர்சி தன் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி இன்னொரு கம்பெனியின் பங்கை வைத்திருக்கலாம் என்றது. 1892இல் ஓஹையோ உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை டிரஸ்டிலிருந்து விலகச் சொன்னது. 1899இல் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் ஹோல்டிங் கம்பெனியாகி எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டது. நான்காவது முழு இணைப்பு. அதில் தனிக் கம்பெனி என்று எதுவும் மிஞ்சாது.

இதில் கண்ணி எங்கே என்றால், 1911 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் உடைக்கச் சொன்னபோது அங்கே டிரஸ்டே இல்லை. 34 கம்பெனிகளாகப் பிரிந்தது ஒரு ஹோல்டிங் கம்பெனி. ஆனாலும் பத்திரிகையும் மேடையும் நீதிமன்றமும் 'ஆயில் டிரஸ்ட்' என்றே பேசின. ஆக ஒரே ஆங்கிலச் சொல்லில் சட்ட வடிவம் ஒன்று, வசைச்சொல் ஒன்று, இரண்டும் இருக்கின்றன. நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

வல்லையான், செவ்வாய் பிற்பகல் 2.15

பேரேடு ஐயா சொன்ன சட்ட வடிவத்துக்கு இலங்கையில் சொல் ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது: நம்பிக்கைப் பொறுப்பு. டிரஸ்டி நம்பிக்கைப் பொறுப்பாளர். பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களம் என்று அரச திணைக்களமே உண்டு. 'அறம்' என்ற சொல் உள்ளே வராததால் ராக்ஃபெல்லருக்குப் புண்ணியம் சேராது. 1882 பத்திரத்துக்கு அப்படியே பொருந்தும்: பங்குகளை நம்பிக்கைப் பொறுப்பில் விட்டார்கள், ஒன்பது நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்.

நீங்கள் 'அறக்கட்டளை' என்று பழகியதால் வந்த வினை இது. கட்டளை என்பது கோயிலுக்கு எழுதி வைத்த நிவந்தம். அதைக் கொண்டுபோய் எண்ணெய்க்கு வைத்தால் எப்படி ஒட்டும்?

பொருநை, செவ்வாய் பிற்பகல் 2.50

சட்ட வடிவத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பு. எடுத்துக்கொண்டேன், நன்றி. வசைச்சொல்தான் மீதி. 'முற்றுரிமைக் கூட்டு' சரியா? பொருளியல் பாடநூலில் மோனோபொலிக்கு முற்றுரிமை என்றுதானே இருக்கிறது. ஆன்டி-டிரஸ்டும் 'முற்றுரிமை எதிர்ப்பு' என்று சுலபமாக முடிந்துவிடும்.

பேரேடு, செவ்வாய் மாலை 5.20

முடியாது, பொருநை. ஷெர்மன் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். முற்றுரிமை இரண்டாம் பிரிவில்தான் வருகிறது. முதல் பிரிவு வணிகத்தைத் தடுக்கும் ஒப்பந்தம், கூட்டு, சதி ஆகியவற்றைப் பற்றியது. அதில் உள்ள வாசகமே 'டிரஸ்ட் வடிவிலோ வேறு வடிவிலோ ஆன கூட்டு' என்றுதான் ஓடுகிறது. மூலச் சட்டமே 'கூட்டு' என்கிறது, கவனியுங்கள்.

மேலும் இரண்டு இடத்தில் இடிக்கும். யு.எஸ். ஸ்டீல், 1901இல் 140 கோடி டாலர் முதலுடன் தொடங்கியது. எல்லாரும் 'ஸ்டீல் டிரஸ்ட்' என்றார்கள். 1920இல் உச்ச நீதிமன்றம், பெரிதாக இருப்பதே குற்றமாகாது என்று 4க்கு 3 என்ற கணக்கில் அதை விடுவித்தது. 'முற்றுரிமைக் கூட்டுக்கு முற்றுரிமை இல்லை என்று தீர்ப்பு' என்று எழுதுவீர்களா? அடுத்து, டான்பரி தொப்பித் தொழிலாளர் வழக்கு, 1908. கனெக்டிகட்டில் ஒரு தொப்பிக் கம்பெனியைத் தொழிற்சங்கம் புறக்கணிக்கச் சொன்னது. அது மாநிலம் கடந்த வணிகத்தைத் தடுக்கும் கூட்டு என்று அதே ஷெர்மன் சட்டத்தில் சிக்கியது. உறுப்பினர்கள் சொந்தப் பணத்தில் மும்மடங்கு இழப்பீட்டுக்குப் பொறுப்பானார்கள். தொப்பி தைக்கிறவனுக்கு என்ன முற்றுரிமை?

சொல்லேர், செவ்வாய் இரவு 8.44

அப்படியானால் 'சாத்து'. வணிகர் பெருங்கூட்டத்துக்குத் தமிழ் வைத்த பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று கடல் கடந்து கூடி வணிகம் செய்த இனத்துக்கு அமெரிக்காவிடம் சொல் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன? 'எண்ணெய்ச் சாத்து', 'சர்க்கரைச் சாத்து'. நாவில் வைத்துப் பாருங்கள்.

குறுக்கே, செவ்வாய் இரவு 8.51

வைத்துப் பார்த்தேன். 'ரூஸ்வெல்ட் சாத்துகளைச் சாத்தினார்' என்று வருகிறது. கதவையா முதுகையா என்று வகுப்பில் கேட்பார்கள்.

பேரேடு, புதன் காலை 7.30

நகைச்சுவை இருக்கட்டும், பொருளிலேயே சாத்து தப்பு. சாத்தில் போகிற வணிகன் தன் சரக்குக்குத் தானே உடையவன். வழித்துணைக்கும் காவலுக்கும்தான் கூட்டம். டிரஸ்டில் நேர்எதிர்: உடைமை பெயரளவில் இருக்கும், ஆள்வது வேறு மேசை. மாசாத்துவானை ராக்ஃபெல்லருக்குப் பங்காளியாக்க வேண்டாம், அய்யா.

பொருநை, புதன் காலை 9.00

வசைச்சொல்லை இரவு யோசிப்போம். இன்று மக்ரேக்கர் பக்கம் முடிக்க வேண்டும். என் வரைவு: 'சேறுவாரிகள்'.

வல்லையான், புதன் காலை 10.25

அது ஆபத்து, தங்கச்சி. தமிழில் சேற்றை வாரி இறைப்பது என்றால் அவதூறு செய்வது. பத்திரிகையாளர் ஐடா டார்பெல் செய்தது அவதூறு அல்லவே. 1902 நவம்பரிலிருந்து மெக்க்ளூர்ஸ் இதழில் ஸ்டாண்டர்டு ஆயிலின் கணக்கையும் நீதிமன்ற ஆவணத்தையும் வைத்துத் தொடராக எழுதினவ. ரயில் கம்பெனியிடம் தன் சரக்குக்குக் கட்டணக் கழிவு வாங்கியது மட்டுமல்ல, போட்டியாளன் அனுப்பிய பீப்பாய்க்கும் தனக்குப் பங்கு கேட்ட 1872ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பற்றியும் எழுதினவ. இதில் எங்கே சேறு?

மூலமும் சேறு இல்லை. ரூஸ்வெல்ட் 1906 ஏப்ரல் 14இல் வாஷிங்டனில் பேசியபோது உவமையை ஜான் பனியனின் கதையிலிருந்து எடுத்தார். அங்கே ஒருவன் கையில் வாரியோடு குனிந்தபடியே நிற்கிறான். தலைக்கு மேலே விண்ணுலக மகுடத்தை நீட்டுகிறார்கள். அவன் நிமிர மாட்டான், தரையில் கிடக்கும் வைக்கோல், சுள்ளி, தூசியைத்தான் வாருகிறான். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடியது இதே பனியன் கதையைத்தான். ஆக வைக்கோல், தூசி. 'குப்பைவாரி' என்பதே நேர்ச் சொல். கருவிக்கும் அதே பெயர், ஆளுக்கும் அதே பெயர், ஆங்கிலத்தைவிட வாகு.

பேரேடு, புதன் காலை 11.10

ஒரு தயக்கம். குப்பை அள்ளுவோரை இழித்துக் கூப்பிட இந்தச் சொல் இங்கே புழங்குகிறது. 'தூய்மைப் பணியாளர்' என்று அரசே மாற்றிய காலத்தில் அதைப் பாடநூலில் ஏற்ற வேண்டுமா? 'குப்பை கிளறி' என்றால் தொழிலைத் தொடாது. கோழி கிளறுவதுதான் நினைவுக்கு வரும்.

சொல்லேர், புதன் பகல் 12.05

ரூஸ்வெல்ட் இழிவுபடுத்தத்தானே சொன்னார்? இழிவை வடிகட்டினால் வரலாறும் வடிந்துவிடும்.

பொருநை, புதன் மாலை 4.40

அய்யா சொல்வதில் நியாயம் உண்டு. அவர் வைத எழுத்தாளர்களில் சிலரே பிறகு அந்தப் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொண்டார்கள். வசையும் பட்டமும் ஒரே சொல்லில் வர வேண்டும். 'குப்பை கிளறிகள்' போடுகிறேன்.

வசைச்சொல்லுக்கு வருகிறேன். 'வணிகப் பெருங்கூட்டு', 'வணிகக் கூட்டு', 'டிரஸ்ட்'. வியாழன் இரவுக்குள் ஒரு வரி போதும்.

வல்லையான், புதன் இரவு 9.30

டிரஸ்ட். ஒருமுறை விளக்கிவிட்டு அப்படியே எழுதலாம்.

பேரேடு, வியாழன் காலை 8.00

வணிகப் பெருங்கூட்டு. 'பெரு' இல்லாவிட்டால் 1914ஆம் ஆண்டு கிளேட்டன் சட்டத்தில் மாட்டுவீர்கள். அதன் ஆறாம் பிரிவு, மனித உழைப்பு விற்பனைச் சரக்கு அன்று என்று சொல்லி, தொழிலாளர், உழவர் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தருகிறது. 'வணிகக் கூட்டு எதிர்ப்புச் சட்டத்திலிருந்து உழவர் கூட்டுறவுக்கு விலக்கு' என்று வரும் வாக்கியத்தை மாணவர் மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும்.

சொல்லேர், வியாழன் காலை 8.20

சாத்து.

குறுக்கே, வியாழன் காலை 8.22

பெருங்கூட்டு. பசிக்கிறது, அதனாலும்.

பொருநை, வியாழன் இரவு 10.15

மூன்றுக்கு இரண்டு, என் வாக்கையும் சேர்த்து. அனுப்பும் பட்டியல்: 1882 வடிவம், நம்பிக்கைப் பொறுப்பு. 1890க்குப் பின் வரும் பொதுப் பொருள், வணிகப் பெருங்கூட்டு. முதல் முறை வரும்போது மட்டும் 'டிரஸ்ட் எனப்பட்ட' என்று முன்னொட்டு. சட்டம், 'ஷெர்மன் பெருங்கூட்டுத் தடைச் சட்டம்'. ஹோல்டிங் கம்பெனி, 'பங்குடைமை நிறுமம்'. இதில் எனக்கே திருப்தியில்லை. விலை உடன்பாட்டுக்குப் 'பங்கீட்டு உடன்பாடு'.

வல்லையான், வியாழன் இரவு 10.40

ஏற்கிறேன், உடன்படவில்லை. 1895 சர்க்கரை வழக்கில் பெருங்கூட்டு என்று எழுதி, அடுத்த வரியில் நாட்டின் சுத்திகரிப்பில் 98 விழுக்காடு ஒரே கையில் என்று எழுதும்போது பாருங்கள். ஒரே கை எப்படிக் கூட்டாகும்?

சொல்லேர், வியாழன் இரவு 11.30

என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்கீட்டு உடன்பாடு உயிரற்ற சொல். குளத்தோடு குழம்பும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் குளத்துக்கும் தொடர்பே கிடையாது. அது பிரெஞ்சில் கோழியைக் குறிக்கும் 'பூள்' என்பதிலிருந்து, சூதாட்டப் பந்தயப் பணம் வழியாக வந்தது. கோழிக்குத் தமிழில் 'வாரணம்' என்றும் பெயர் உண்டு. அங்கிருந்து தொடங்கினால்

குறுக்கே, வியாழன் இரவு 11.34

அய்யா, கோழியைக் குப்பை கிளறிக்குக் கொடுத்தாகிவிட்டது.

பொருநை, வெள்ளி காலை 9.05

அச்சகத்திலிருந்து கேட்கிறார்கள்: பொருளடைவில் இதை ட வரிசையில் வைப்பதா, வ வரிசையிலா?

வல்லையான், வெள்ளி காலை 9.20

இரண்டிலும். ட வரிசையில் 'காண்க' என்று போட்டுவிடுங்கோ. பிள்ளைகள் அங்கேதான் தேடும்.