ஏபிஐயில் ஃபில்டர் சேர்த்த கதைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பூமண்டி

பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான ஆப். மாட்டுத்தாவணியில் பல கடைகள், எல்லாருக்கும் ஒரே டேட்டாபேஸ், ஒவ்வொரு வரியிலும் கடை எண். வழக்கமான ஏற்பாடுதான், அந்த எண்ணை வைத்து அவரவர் வரி அவரவருக்கு மட்டும். ஏபிஐயில், அதாவது ஆப் சர்வரிடம் தகவல் கேட்கும் வழியில், பூ வகை, தேதி, விலை என்று ஃபில்டர் இருந்தது. "அல்லது" போட்டுத் தேட வசதி வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்க, எங்களுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர்கள் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முகூர்த்த நாள். விடிவதற்கு முன்பே போன். "தம்பி, மல்லி அல்லது பிச்சின்னு போட்டேன். பிச்சியில பக்கத்துக் கடைக்காரன் கணக்கு மொத்தமும் வருது. நிலக்கோட்டைக்காரருக்கு அவன் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தான்னு வரைக்கும் தெரியுது." திட்டப் போகிறார் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதை மட்டும் எடுத்துடாதீங்க தம்பி" என்றார்.

டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியை (கோரி) திறந்து பார்த்தால், கடை = 14 ஆண்ட் பூ = மல்லி ஆர் பூ = பிச்சி. அடைப்புக்குறி கிடையாது. ஆண்ட் முதலில் ஒட்டிக்கொள்ளும், ஆர் தனியாக நிற்கும். ஆக, மல்லி அவர் கடையுடையது மட்டும், பிச்சி ஊரில் உள்ள எல்லார் கடையுடையதும்.

அன்றைக்கே அடைத்துவிட்டோம். அப்புறம் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் ரோ லெவல் செக்யூரிட்டியையும் போட்டோம். யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே காவல் காக்கும், 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி. ஆனால் அந்த ஃபில்டர் வந்து பல மாதம் ஆகியிருந்தது. இவர் ஒருவர்தான் வாய் திறந்தார். மற்ற கடைக்காரர்கள் யாருமே பிச்சி தேடவில்லையா என்ன?

வடபழஞ்சி நைட்ஷிப்ட்

எனக்கு பிளஸ் குறி. பார்சல் லாரி புக்கிங். "இந்த நேரத்துக்குப் பிறகு வந்தவை" என்று ஒரு ஃபில்டர். மொபைலில் சரியாக வருகிறது, வெப்பில் மட்டும் காலை ஆறு மணி என்று கொடுத்தால் பதினொன்றரைக்குப் பிறகு வந்த புக்கிங் மட்டும் வருகிறது. ஆபீஸ் பெரியவர் கேட்டார்: "ஏப்பா, பதினொன்றரை வரைக்கும் நாங்க எல்லாம் கடையில டீ குடிச்சுக்கிட்டா இருந்தோம்?"

லாக்கில் பார்த்தேன். 06:00:00, அடுத்து ஒரு இடைவெளி, அடுத்து 05:30. பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. யூஆர்எல்லில் கேள்விக்குறிக்கு அந்தப் பக்கம் பிளஸ் என்றால் ஸ்பேஸ், %2பி என்று மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மொபைல் லைப்ரரி அதைத் தானே செய்துவிட்டது, வெப்பில் சரத்தை அப்படியே ஒட்டியிருந்தார்கள். இது பரவாயில்லை. எனக்கு ஆறாதது என்னவென்றால், சர்வர் எரர் கொடுக்கவே இல்லை. புரியாத வாலை வெட்டிவிட்டு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கிற யூடிசி என்று எடுத்துக்கொண்டது. 400 (கோரிக்கை தவறு) என்று திருப்பி அனுப்பியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

கோரிப்பாளையம் பாலம்

பூமண்டி, கையால் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) ஒட்டினால் இப்படித்தான் ஆகும். ஓஆர்எம் (எஸ்க்யூஎல்லைத் தானே எழுதிக்கொள்ளும் லைப்ரரி) பயன்படுத்தியிருந்தால் அடைப்புக்குறியை அதுவே போட்டிருக்கும். ரோ லெவல் செக்யூரிட்டி போட்டோம் என்கிறீர்கள், ஆப் எந்த யூசரில் உள்ளே போகிறது? டேபிளின் ஓனரே அந்த யூசர் என்றால் அந்தக் காவல் விதி (பாலிசி) அவருக்குச் செல்லாது, அவருக்கும் செல்ல ஃபோர்ஸ் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். பார்த்தீர்களா?

என் கதை சின்னது. ஒரு கிளையன்ட் எக்செலில் இருந்த பில் எண்களை எல்லாம் அள்ளி "இவற்றில் ஒன்று" ஃபில்டரில் போட்டார். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஒரு கோரியில் 2,100 பாராமீட்டர்தான் (கோரியோடு தனியாக அனுப்பும் மதிப்பு) தாங்கும். விழுந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற புதியவர்களுக்குச் சொல்கிறேன். எந்தெந்த நெடுவரிசையில் ஃபில்டர் செய்யலாம், எந்தெந்த ஆபரேட்டர் (சமம், பெரிது மாதிரி) செல்லும் என்று பட்டியல் வைத்து, அதில் இல்லாததைக் கதவிலேயே நிறுத்துங்கள். மதிப்புகளை பாராமீட்டராக பைண்ட் செய்துவிட்டோமே, அதாவது கோரியில் ஒட்டாமல் தனியாக அனுப்பிவிட்டோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஆர்டர் பை-யில் (வரிசைப்படுத்தும் இடத்தில்) வரும் நெடுவரிசையின் பெயரை பைண்ட் செய்ய முடியாது, இன்ஜெக்‌ஷன் (வெளியாள் தன் எஸ்க்யூஎல்லை நுழைப்பது) அந்த வழியாக வரும். "உள்ளே எங்காவது இந்தச் சொல்" என்று இருபக்கமும் % போட்டுத் தேடினால் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் (வரிசைப்படுத்திய தேடல் அட்டவணை) உதவாது, டிரைகிராம் இண்டெக்ஸ் (மும்மூன்று எழுத்தாக வெட்டி வைத்தது) வேண்டும். பத்தாயிரமாவது பக்கத்தை ஆஃப்செட்டில் (இத்தனை வரி தாண்டி என்று) கேட்டால் டேட்டாபேஸ் முந்தைய வரிகளை எல்லாம் படித்துக் கீழே போட்டுவிட்டுத்தான் வரும். கடைசியாகப் பார்த்த வரியின் மதிப்பை அனுப்பி அடுத்ததைக் கேட்பதுதான் வழி. எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டேட்மென்ட் டைம்அவுட், அதாவது ஒரு கோரி ஓட நேர வரம்பு. ஃபில்டரைத் திறந்து விட்டால் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டே தீருவார்.

உசிலை ரோடு

பாலம் அண்ணே, இதெல்லாம் யாரும் கேட்கவில்லையே. சரி, என்னுடையதைச் சொல்கிறேன்.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், பெயர்கள் தமிழில். பெயர் வைத்துத் தேடும் ஃபில்டர் சேர்த்தோம். அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் அக்கா "சொக்கலிங்கம்" என்று அடித்தார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சொக்கன் பெயர் இல்லாத பட்டியல் உண்டா? வந்தவர்கள் பாதிப் பேர்தான். முழுப் பட்டியலை ஓட்டி, திரையில் விரலை வைத்துக் காட்டினார்: "இந்தா இருக்காரு. கண்ணுக்குத் தெரியுது, தேடினா இல்லைங்குது. உங்க மெஷினுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா?"

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் "சொ" என்பது ச, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகக் கிடந்தது. புதிதாக அடித்தவற்றில் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடு. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு பெயர். போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்த நார்மலைஸ் ஃபங்ஷனால் இரண்டையும் என்எஃப்சி (யூனிகோடின் சேர்த்து எழுதும்) வடிவத்துக்குக் கொண்டுவந்து, தேடும் சொல்லையும் அதே மாதிரி மாற்றி, இண்டெக்ஸையும் அதன் மேலேயே போட்டோம். சொக்கலிங்கங்கள் மொத்தமாக வந்து சேர்ந்தார்கள். அந்த அக்கா விரலால் காட்டியதுதான் மறக்கவில்லை. அதற்கு முன்பு எத்தனை பேரை "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்களோ.

பேரேடு

ஓஆர்எம் காப்பாற்றும் என்கிற கோரிப்பாளையம் நண்பருக்கு: ஜாங்கோவில் (ஓஆர்எம் கூடவே வரும் பைதான் ஃப்ரேம்வொர்க்) யூஆர்எல்லில் வந்ததை அப்படியே ஃபில்டருக்குள் கொட்டிய ஒரு ப்ரோகிராமை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டு உறவு டேபிளுக்குள் போகலாம் அல்லவா? "யூசர்__பாஸ்வேர்ட்__ஸ்டார்ட்ஸ்வித்" (பாஸ்வேர்ட் இதில் தொடங்குகிறதா) என்று அனுப்பினால், வரிகள் வருகிறதா இல்லையா என்பதை வைத்தே பாஸ்வேர்ட் ஹேஷை (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்ததை) ஒவ்வொரு எழுத்தாகக் கறந்துவிடலாம். கையால் ஒரு வரி எஸ்க்யூஎல் கூட எழுதவில்லை அங்கே.

என்னை உறுத்துவது வேறு. சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம், கீழவாசல் பக்கம். "செலுத்தப்பட்டது அல்லாத எல்லா பில்லும்" என்று ஃபில்டர். கணக்குப்பிள்ளை ஐயா ஒருவர் இருந்தார், ஆப்பை நம்பாமல் சிவப்பு அட்டைப் பேரேட்டைத் தனியாக எழுதி வருவார். வருடக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, பேனாவை மூடிவிட்டு, "கணக்கு இடிக்குதே" என்றார். ஆப்பில் நிலுவை குறைவு.

நிலை என்ற நெடுவரிசை பழைய பில்களில் காலி, அதாவது நல் (null). நல் என்பது "செலுத்தப்பட்டது"-க்குச் சமமும் இல்லை, சமமில்லாததும் இல்லை. எஸ்க்யூஎல் "தெரியாது" என்று சொல்லி வரியைத் தள்ளிவிடும். ஆக வசூலாகாத பழைய கடன்தான் சரியாகக் காணாமல் போயிருந்தது. காலியையும் ஒரு மதிப்பாக எடுத்து ஒப்பிடும் இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் என்று மாற்றினோம், கணக்கு நேரானது. ஐயா பேரேடு எழுதுவதை நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

பூமண்டி

பாலம், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆப்புக்குத் தனி யூசர், ஓனர் வேறு. அதைப் பார்த்துவிட்டுத்தான் போட்டோம்.

மேலூர் பக்கம்

உசிலை, உங்கள் பட்டியலில் கௌரி என்று தேடிப் பாருங்கள். பாதிப் பேர் ஒற்றைக்கொம்பும் "ள" எழுத்தும் போட்டு "கெளரி" என்று அடித்திருப்பார்கள். என்எஃப்சி அதைத் தொடாது, ஏனென்றால் யூனிகோடுக்கு அது உண்மையிலேயே வேறு எழுத்து. நாங்கள் ஒரு பள்ளிக்கூட வேலையில் மாட்டினோம். எங்கள் ஆள் ஒருவர் கொம்பும் ள-வும் வந்த இடத்தை எல்லாம் ஒரே ரீப்ளேஸில் மாற்றிவிட்டார். கௌரிகள் கிடைத்தார்கள், வெள்ளைச்சாமிகள் எல்லாரும் சிதைந்து போனார்கள். ஒரு அப்பா டிசியைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பையன் பேருக்கு என்னய்யா ஆச்சு?" என்று நின்றார்.

உசிலை ரோடு

இப்போதுதான் தேடினேன். நீங்கள் சொன்னபடியே கிடக்கிறது, கௌரி மட்டுமில்லை, சௌந்தரமும். ள-வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அதைத் தொடாமல் விட்டால் வெள்ளைச்சாமி தப்பிப்பார், இல்லையா? மூலப் பெயரில் கை வைக்காமல், தேடுவதற்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து அதில் மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். அந்த ரீப்ளேஸ் போட்ட பள்ளிப் பட்டியலை எப்படித் திரும்பக் கொண்டுவந்தீர்கள், பேக்கப் இருந்ததா?