முதல் படம் வேலூர்ப் பக்கம் எடுக்கப் போறேன், வழி சொல்லுங்க

வணக்கம். ஊர் காட்பாடி. குறும்படம் எடுத்துப் பழகியாச்சு, இப்போ முழுநீளப் படம். கதை பாலாற்று மணல்லயும் குடியாத்தத்துல ஒரு தறி வீட்டுலயும் நடக்குது. செட் வேண்டாம், ராத்திரிக் காட்சி ரெண்டே ரெண்டு. கைக்காசுக்கு ஏத்த மாதிரிதான் எழுதியிருக்கேன்.

கோட்டை தொல்லியல் துறை கையில இருக்கு. அனுமதி, கட்டணம்னு இழுக்கும். அதனால உள்ளே போகல. ஆம்பூர் காட்சிக்கு மட்டும் திருப்பத்தூர் போய்க் கேக்கணும், 2019லேருந்து அது தனி மாவட்டமாச்சே! கதையில ஆடு ஒண்ணு முக்கியம். விலங்குகள் நல வாரியத்துல முன்னாடியே அனுமதி வாங்கலைன்னா சென்சார்ல மாட்டிக்குவோம். வாங்கினவங்க இருந்தா எத்தனை நாள் ஆகும்னு சொல்லுங்க.

தயாரிப்பாளர் கிடையாது, நண்பர்கள் சேர்ந்துதான் பணம் போடுறோம். பேனர், அதாவது சொந்தத் தயாரிப்பு கம்பெனி, தொடங்கி டைட்டிலைப் பதிவு பண்ணிட்டு இறங்கணுமா, இல்ல பத்து நிமிஷம் பைலட்னு ஒரு மாதிரிப் படம் எடுத்துக் காட்டி இன்னும் கொஞ்சம் பணம் திரட்டலாமா? யூனியன் ஆட்களை எந்தக் கட்டத்துல பேசணும்?

அப்புறம், லைவ் சவுண்டு தெரிஞ்சவங்க யாராவது வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கீங்களா? தறிச் சத்தத்துக்கு நடுவுல வசனம் பதியணும். டப்பிங் பண்ணா அந்த வீடு செத்துடும். சம்பளம் குறைச்சல்தான், ஆனா பேசினதைக் கொடுத்துடுவேன். இன்பாக்ஸ்ல வாங்க.